நெஞ்சுக்கு ஓய்வு தரும் மாத்திரை

 

நம் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்தவர் இருக்கும் வீடுகளில், அரசாங்க மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை உறைகள் சுவாமி படத்தின் அருகிலோ சமையலறை அலமாரியிலோ இருப்பதைக் காணலாம். அவற்றுள் ஒருவகை மாத்திரையைக் குறித்தே இன்று நாம் பேச வந்துள்ளோம். புரோப்ரானோலோல், அட்டினோலோல், மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல், கார்வெடிலோல் என்பன அவற்றின் பெயர்கள். எல்லாப் பெயர்களும் ‘லோல்’ என்று முடிவதைக் கவனியுங்கள். இக்குடும்பத்து மாத்திரைகளைப் பீட்டா தடுப்பு மாத்திரைகள் என மருத்துவர் அழைப்பர். இரத்தக் கொதிப்புக்கும், இருதயத்தில் தோன்றும் நெஞ்சு வலிக்கும் இவை கொடுக்கப்படுகின்றன.

மாத்திரையின் பெயரைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். பெரும் பயன் உண்டு. தாமாகவே திடீரென்று நிறுத்திவிட்டால் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய மாத்திரைகளுள் இவையும் சேர்ந்தவை. ஆகவே, நம் உறையில் இருப்பது எது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். உறையின்மேல் எழுதியிருப்பதை வாசிக்க இயலாதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டு வாசித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு நோய்கள்

முதலில் இரத்தக் கொதிப்பைப் பற்றிச் சில சொற்கள். இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக் குழாய்களில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இருதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். மருந்தகத்தில் பல தடவை சோதித்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது இரத்தக் கொதிப்பு எனக் கொள்ளப்படுகிறது. இந்நோய்க்குப் பெரும்பாலும் அடையாளமே இல்லை. தலைவலி இல்லை, மயக்கமும் இல்லை. எப்போதும்போல் வேலை செய்யலாம். ஆனால் உள்ளுக்குள் மூளையையும், இருதயத்தையும், சிறுநீரகத்தையும் அது சிறுகச் சிறுகத் தின்றுகொண்டிருக்கும். 2019-ஆம் ஆண்டு மலேசியாவில் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பத்துப் பேருக்கு மூவர் வீதம் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் எனத் தெரியவந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

இரண்டாவது, நெஞ்சு வலி. இருதயம் உடல் முழுமைக்கும் இரத்தம் அனுப்புகிறது. அதற்கும் உணவாக இரத்தம் வேண்டும். அதனைக் கொண்டுவரும் குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகிவிட்டால், வேலை மிகும் நேரத்தில் இருதயத்திற்கு இரத்தம் போதாமற் போகிறது. அப்போது நெஞ்சின் நடுவே பாரம் வைத்து அழுத்துவதுபோலவும், இறுக்கிப் பிடிப்பதுபோலவும் வலி தோன்றும். இடது தோள், கை, கழுத்து, தாடை ஆகிய இடங்களுக்கும் அது பரவக்கூடும். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது வரும். சற்று நின்றால் சில நிமிடங்களில் தணியும். வயிறு நிறைய உண்டபின் நடந்தாலும், கடுஞ்சினம் கொண்டாலும் வரலாம்.

நம்மவர்களில் பலர் இதனை வாயுப் பிடிப்பு என்று கருதி, ஓமநீரும் பூண்டும் உண்டு நாளைக் கடத்துகின்றனர். நடந்தால் வந்து, நின்றால் போகும் வலியை வாயு என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. பெண்களுக்கும், இனிப்பு நீர் நோய் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு முட்டலும் மிகுந்த அசதியும் மட்டுமே தோன்றுவதும் உண்டு.

மாத்திரை செய்யும் வேலை

நாம் ஓடும்போதும், பயப்படும்போதும், கோபப்படும்போதும் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? உடலில் சுரக்கும் அட்ரினலின் என்னும் நீரும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும் அதற்குக் காரணம். இருதயத்தில் இவற்றுக்கென்று பூட்டுத் துளைகள்போன்ற இடங்கள் உள்ளன. 1948-ஆம் ஆண்டில் ஆல்குவிஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்விடங்கள் இருவகைப்படும் எனக் கூறி, அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயரிட்டார். அட்ரினலின் ஒரு சாவியைப்போல் வந்து பீட்டாத் துளையில் பொருந்தினால் இருதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது. நாம் உண்ணும் மாத்திரை முன்னதாகவே அத்துளையில் போய் அமர்ந்துகொள்கிறது. சாவி வந்தாலும் நுழைய இடமில்லை. ஆகவே இருதயம் நிதானமாகத் துடிக்கிறது.

நிமிடத்திற்கு 70 தடவை துடிக்கும் இருதயம் ஒரு நாளில் 1,00,800 தடவை துடிக்கிறது. அதுவே 60 ஆகக் குறைந்தால், ஒரு நாளைக்கு 86,400 தடவைதான். ஒரே நாளில் 14,400 துடிப்புகள் மிச்சம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இருதயத்தின் சொந்தக் குழாய்களில் இரத்தம் பெரும்பாலும் பாய்வது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள ஓய்வு நேரத்தில்தான். பால் வெட்டும் உங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது எதற்காக? மரத்தில் பால் மீண்டும் ஊற அவகாசம் வேண்டும் என்பதற்காக அன்றோ? நாள் தவறாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் மரம் சோர்ந்து பட்டை காய்ந்துபோகும். இருதயமும் அப்படியே. துடிப்புகளுக்கு இடையே அவகாசம் கூடினால் அதற்கு இரத்தம் கூடுதலாகக் கிடைக்கிறது. வேலை குறைவதால் தேவையும் குறைகிறது. இவ்வாறு நெஞ்சு வலி தணிகிறது. இரத்த அழுத்தமும் இறங்குகிறது.

சிங்கப்பூரில் பணியாற்றிய ஓர் அறிஞர்

இம்மாத்திரையைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவ அறிஞர். இவர் 1924-ஆம் ஆண்டில் பிறந்தவர்; இவருடைய தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலில் இருந்தவர். 1946-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றபோது, படிப்புக்காக வாங்கிய கடன் அவர் தலைமேல் இருந்தது. அக்கடனைத் தீர்க்கும் பொருட்டு அவர் கப்பலேறி வந்து ஆசிரியப் பணி ஏற்ற இடம் சிங்கப்பூர். 1947 முதல் 1950 வரை அங்கே மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார். கடன் சுமையோடு கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இச்செய்தி நெருக்கமானதே.

அக்காலத்தில் நெஞ்சு வலிக்கு மருந்து தேடியவர்கள், இருதயத்திற்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்புவது எப்படி என்றே சிந்தித்தனர். பிளாக் வேறு விதமாகச் சிந்தித்தார். வரவைப் பெருக்க இயலாவிட்டால் செலவைக் குறைக்கலாமே என்பது அவர் கருத்து. ஆல்குவிஸ்டின் கருத்தைப் பின்பற்றி அவர் ஆராய்ந்தார். முதலில் செய்த மருந்து எலிகளிடம் கட்டிகளை உண்டாக்கியதால் அதனைக் கைவிட்டார். அதன்பின் 1960-களின் நடுவில் வெளிவந்ததே புரோப்ரானோலோல். அது இரத்தக் கொதிப்பையும் தணிக்கும் என்பதை 1964-ஆம் ஆண்டில் வேறு மருத்துவர்கள் கண்டனர். 1988-ஆம் ஆண்டில் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2010-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இன்று இரத்தக் கொதிப்பு மட்டுமே உள்ளவர்களுக்கு வேறு வகை மருந்துகளையே பெரும்பாலும் முதலில் கொடுக்கின்றனர். நெஞ்சு வலி உள்ளவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள், இருதயம் பலம் குன்றியவர்கள் ஆகியோருக்கு இம்மாத்திரை சிறப்பாகப் பயன்படுகிறது. ஆதலால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு மாத்திரையும் உங்களுக்கு இம்மாத்திரையும் கொடுக்கப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை. ஒருவர் மாத்திரையை மற்றொருவர் கடன் வாங்கி உண்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

திடீரென்று நிறுத்தலாகாது

இனி, இவ்வுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம்.

மாத்திரை நெடுநாள் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தால் உடல் சும்மா இருப்பதில்லை. அட்ரினலின் நுழைவதற்குப் புதிய துளைகளை அது உண்டாக்கிக்கொள்கிறது. மாத்திரை உள்ளவரை கவலை இல்லை. ஆனால் ஒருநாள் அதனைச் சட்டென்று நிறுத்திவிட்டால், பழைய துளைகளும் புதிய துளைகளும் ஒருங்கே திறந்துகொள்கின்றன. அட்ரினலின் முன்னிலும் வலுவாக இருதயத்தைத் தாக்குகிறது. சில நாட்களில், அல்லது ஓரிரு வாரங்களுக்குள், நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் எகிறும். அடங்கியிருந்த நெஞ்சு வலி கடுமையாகத் திரும்பும். இருதயக் குழாய்கள் குறுகியிருப்பவர்களுக்கு மாரடைப்பே வந்துவிடக்கூடும். மாத்திரையை நிறுத்த வேண்டிய காரணம் இருந்தால், டாக்டர் அதனை ஒரு வாரம் இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்துவார்.

நம்மவர்கள் மாத்திரையை நிறுத்துவதற்குக் கூறும் காரணங்கள் நாம் அறியாதவை அல்ல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்பது முதற்காரணம். உடம்பு நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். ஒழுகும் கூரைக்குத் தகரம் போட்டபின், இப்போது ஒழுகவில்லையே என்று தகரத்தைக் கழற்றுவார் உண்டோ?

“மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்” என்பது இரண்டாவது. சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத இரத்தக் கொதிப்பே. முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் தாமாக வாங்கி அடிக்கடி உண்ணும் சில வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அழுத்தத்தையும் ஏற்றும். அஞ்ச வேண்டியது அவற்றுக்கே.

“விரதம் இருக்கிறோம்” என்பது மூன்றாவது. தைப்பூசத்திற்கும் தீமிதிக்கும் விரதம் ஏற்போர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுகின்றனர். ஒரு வாய் நீரோடு மாத்திரையை விழுங்குவதைத் தெய்வம் குற்றமாகக் கொள்ளாது. இருதய நோய் உள்ளவர்கள் காவடி எடுக்கவோ தீமிதிக்கவோ எண்ணினால், விரதம் தொடங்குமுன் டாக்டரைக் கலந்துகொள்ளட்டும்.

“மருந்தகம் போனால் ஒருநாள் சம்பளம் போகிறது” என்பது நான்காவது. இது பொய்க்காரணம் அன்று, மெய்யான கஷ்டம். வெட்டுக்குப் போகாத நாளில் வரும்படி இல்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் இதற்கு வழிகள் உள்ளன. ஒவ்வொரு மாதமும் டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை. பல மாதங்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு இருக்கும்போது, மாத்திரையை மட்டும் வாங்கிவர மகனையோ மகளையோ அனுப்பலாம். தொலைவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கப்படுபவர்கள், தோட்டத்திற்கு அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திலேயே மாத்திரையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. மருந்து கொடுக்கும் இடத்தில் இதனைக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். மாத்திரை ஒரு வாரத்திற்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். உறவினர் வீட்டுத் திருமணத்திற்கோ, தீபாவளிக்கு வெளியூருக்கோ செல்லும்போது மாத்திரையும் உடன் வரட்டும்.

ஐந்தாவது காரணத்தை யாரும் வெளியில் சொல்வதில்லை. இம்மாத்திரையை உண்ணும் ஆண்களில் சிலருக்கு ஆண்மைக் குறைவு ஏற்படுவதுண்டு. மனைவியிடமும் கூறாமல், டாக்டரிடமும் கூறாமல், மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவோர் உளர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டரிடம் கூறினால் அளவை மாற்றவோ வேறு மருந்து கொடுக்கவோ அவரால் இயலும். ஆனால் ஒன்று: நெஞ்சு வலிக்கு நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர்கள், ஆண்மைக்கென்று கடைகளில் விற்கும் மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி உயிர் போகக்கூடும். ஆண்மைக்கு ஏற்றவை என விற்கப்படும் சில காப்பித் தூள்களிலும் இத்தகைய மருந்து மறைவாகக் கலந்திருந்ததை அதிகாரிகள் கண்டுபிடித்துள்ளனர்.

டாக்டரிடம் கூற வேண்டியவை

எல்லார்க்கும் ஏற்ற மாத்திரை அன்று இது. ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் உள்ளவர்கள், சிறு வயதில் இருந்து இப்போது இல்லை என்றாலும், டாக்டரிடம் முதலிலேயே கூறவேண்டும். நுரையீரல் குழாய்களைத் தளர்த்தி மூச்சுக்கு வழிவிடுவதும் அட்ரினலினின் வேலை. மாத்திரை அதனைத் தடுத்தால் மூச்சுக் குழாய்கள் இறுகிவிடும். இருதயத்திற்கு மட்டும் பெரும்பாலும் வேலை செய்யும் வகைகள் உண்டு என்றாலும், அவற்றிலும் எச்சரிக்கை தேவை. கருவுற்ற பெண்களும், குழந்தை பெற விரும்பும் பெண்களும் அதனை மறைக்காமல் கூறவேண்டும்.

இனிப்பு நீர் நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். “உடனே எதையாவது சாப்பிடு” என்று உடல் அடிக்கும் மணி அது. பீட்டா தடுப்பு மாத்திரை அந்த மணியோசையை அடக்கிவிடும். எஞ்சுவது பெரும்பாலும் வியர்வை ஒன்றே. இருள் பிரியுமுன் எழுந்து, வெறும் வயிற்றோடு பெரட்டுக்குச் சென்று, அங்கிருந்து நிரைக்குப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெட்டும்போது வியர்ப்பது இயல்புதானே என்று அதனைப் பொருட்படுத்தாமல் இருந்து, மரத்தடியிலேயே மயங்கி விழ நேரலாம். ஆகையால் ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். காரணமின்றிக் குளிர்ந்த வியர்வையோ குழப்பமோ தோன்றினால் உடனே அதனை வாயிற் போட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை உண்ணத் தொடங்கிய சில வாரங்களுக்குக் களைப்பும், கை கால்களில் குளிர்ச்சியும், உறக்கத்தில் கனவுத் தொல்லையும் சிலருக்குத் தோன்றலாம். பல வேளைகளில் இவை நாளடைவில் தணியும். படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் மெதுவாக எழுந்தால் தலைசுற்றலைத் தவிர்க்கலாம். நாடி பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். உட்கார்ந்து ஓய்வெடுத்தபின், மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே இறங்கினாலும், மயக்கம், இழுப்பு, கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியன ஏற்பட்டாலும் தாமதியாமல் மருந்தகம் செல்லவேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே சமயத்தில் உண்ணலாகாது. பல் பிடுங்கச் சென்றாலும், வேறு டாக்டரிடம் சென்றாலும், மாத்திரை உறையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வலி வந்தால்

நெஞ்சு வலி வந்தால் செய்யும் வேலையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் உட்கார்ந்தபடியே அதனை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடங்களில் வலி அடங்காவிட்டாலும், வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டினாலும், உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். நோயாளி தாமே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. நிரையில் தனியே வெட்டுபவர், தமக்கு நெஞ்சு வலி உண்டு என்பதைப் பக்கத்து நிரையில் வெட்டுபவருக்கும் கங்காணிக்கும் முன்பே தெரிவித்து வைப்பது நலம். நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு மலைக்குப் போவதில் பொருளில்லை. அதற்குரிய கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி, இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் எண்ணற்க. புகையிலும் சம்சுவிலும் காசை இழப்பவருக்கு மாத்திரை எவ்வளவுதான் துணை நிற்கும்? கருவாடு, ஊறுகாய், பெலாச்சான் ஆகியவற்றில் உள்ள உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுவது. இவற்றைக் குறைத்தால் மாத்திரையின் பயன் கூடும்.

தாய்மார்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் மாத்திரை உறைகளை எடுத்துப் பாருங்கள். ‘லோல்’ என்று முடியும் பெயர் இருக்கிறதா, இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை இருக்கிறது, அடுத்து மருந்தகம் செல்ல வேண்டிய தேதி எது என்று கணக்கிடுங்கள். அந்தத் தேதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். குடும்பத்தைத் தாங்கும் ஒருவரின் இருதயம் இடைவிடாமல் இயங்குவதற்கு அந்த ஒரு வட்டமும் துணை செய்யும்.